'பழசு' என்று பேர் வைத்த ஃபோல்டர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பீங்கான் கம்பெனியில் விரிசல் விட்ட அச்சுகளை உடைத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தூசி தட்டி அடுக்குவார்கள். ஆபீசில் டைப் செய்யும் நானும் என் பங்குக்குக் கம்ப்யூட்டரில் வேண்டாத பைல்களை ஓரமாகத் தள்ளி வைப்பேன். அந்த வருஷம் அதே கையோடு வீட்டுக்கு வந்து, மகளின் கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்தேன். வெளியே துணியால் துடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். சி டிரைவுக்குள் புகுந்து, எனக்குப் பெயர் புரியாத ஃபோல்டர்களை எல்லாம் எடுத்து, டி டிரைவில் 'பழசு' என்று ஒன்று உண்டாக்கி அதில் போட்டேன். எதையும் அழிக்கவில்லை. அதை மட்டும் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மகளுக்கு டிப்ளமோ கடைசி வருஷம். அவளும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் அவள் தோழியும் சேர்ந்து பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்கள். சூளையில் மணிக்கு மணி சூடு ஏறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். விஜயதசமிக்கு மறுநாள் கல்லூரியில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களை நம்ப முடியாது என்று, எங்களுடையதையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். அன்று யாரும் தொடவில்லை. மறுநாள் காலை தோழி வந்ததும்தான் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

மகளின் குரல் கேட்டது: "ஏய், கம்பைல் ஆவலடி, ஓட மாட்டேங்குது. கிராஃப் பைலைக் காணோம்ங்குது."

"முந்தாநாள் ஓடுச்சே."

"ஓடுச்சு. அப்புறம் கடைசியா யாரு ஃபிளாப்பி போட்டது? நீதான?"

"காப்பி எடுத்துட்டுப் போனேன், அவ்ளோதான்."

"உன் ஃபிளாப்பி எந்தெந்த ஊரு கம்ப்யூட்டர் கடைக்கெல்லாம் போயிட்டு வந்துச்சோ. வைரஸ்தான்."

தோழி மெனுவைத் திறந்து பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "இங்க குடுத்திருக்கிற பாதையில யூனிட்ஸுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கணும். அதுலதான் கிராஃப் பைல் இருக்கும். ஃபோல்டரே இல்ல பாரு. வேற டிரைவுல தேடுவோமா?"

யூனிட்ஸ். அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் இருந்தது. 'பழசு'க்குள் நான் தள்ளியதில் அதுவும் ஒன்று.

"நீ ஒண்ணும் தேட வேணாம். தொட்ட வரைக்கும் போதும். வூட்டுல கம்ப்யூட்டர் இல்லாதவள கூட்டு சேத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அப்போதாவது நான் வெளியே வந்திருக்க வேண்டும். நாலு எட்டுதான். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே அம்மா என்று மகள் பெருமையாகச் சொல்லியிருந்தாள், அதுவும் அந்தப் பெண்ணிடமே. இன்னொரு கிளறு கிளறிவிட்டு வரலாம் என்று நின்றேன். வந்தபோது வாசலில் செருப்பு இல்லை. சுண்டல்கூடத் தின்னாமல் போய்விட்டாள்.

மகளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "இப்பதான் தெரியுமா, அவ இருக்கும்போதே தெரியுமா?" என்று கேட்டாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பியதிலேயே புரிந்துகொண்டாள்.

"அவ இல்லாம நான் நாளைக்குப் போவ மாட்டேன்மா. அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"நான் போய் கூட்டியாறேன்" என்று பஸ் ஏறினேன்.

ஊரில் இறங்கி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூஜைக்குச் சுத்தம் பண்ணியது, 'பழசு', எல்லாம்.

"அழிக்கலியே ஆன்ட்டி? அப்ப ஒண்ணும் போவல" என்றாள். உள்ளே போய் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி வந்தாள். மெனுவில் யூனிட்ஸ் பாதையை டி டிரைவில் 'பழசு'க்கு மாற்ற வேண்டும். கம்பைல் ஆனாலும் கோடு வராது. படம் வரையும் டிரைவர் பைல் இருக்கிற ஃபோல்டரையும் நான் நகர்த்தியிருப்பேனாம். அந்தப் பாதையைப் புரோகிராமுக்குள்ளேயே மாற்ற வேண்டுமாம், எத்தனையாவது வரி என்றுகூடக் குறித்திருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவள், புரோகிராமையே மனதில் வைத்திருந்தாள்.

தாளை நீட்டியவள் அதை விடாமலே கேட்டாள்.

"ஆன்ட்டி, அவ என்னைப் பேசினப்ப நீங்க அடுப்படியிலதான இருந்தீங்க. கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சும்மா."

தாளை விட்டாள். "நாளைக்கு நேரா காலேஜுக்கே வந்துடறேன்னு சொல்லுங்க."

அன்று மாலை தாளில் இருந்தபடியே செய்தோம். கோடு சரியாக ஏறியது. மறுநாள் அவள் வந்தாள், இருவரும் ஓட்டிக் காட்டினார்கள், மார்க்கும் வாங்கினார்கள். அவர்கள் இருவரும் இன்றும் போனில் பேசிக்கொள்கிறார்கள். மகளை அவள் அன்றைக்கே மன்னித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஏன் என்று மகள் என்னிடம் கேட்டதில்லை.