குடலிறக்கமே குடுங்க சார்

கட்டிலில் ஏறிப் படுத்ததும் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருமுறை முனகிப் பார்க்கிறார். சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முனகல். இப்போது திருப்தி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மதிப்பெண் போட உட்கார்ந்திருக்கும் பேராசிரியரிடம், "வரச் சொல்லுங்க" என்கிறார்.

மருத்துவக் கல்லூரியில் இவருக்கு உத்தியோகமே நோயாளியாகப் படுத்திருப்பதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, மனமறிந்த சம்மதம் வாங்குவது எப்படி என்று புது டாக்டர்கள் பழக வேண்டுமே, அதற்காக. புரிந்தால் கையெழுத்துப் போடுவார், புரியாவிட்டால் மாட்டார். இதயம், மூட்டு, பித்தப்பை என்று இவரிடம் அறுக்காத இடம் பாக்கியில்லை. உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. முதுகுக்குப் பின்னால் மாணவப் பிள்ளைகள் 'நோயாளி மாமா' என்கிறார்கள்.

முன்பு மேசை நாற்காலி விற்கும் கடையில் வேகமாகப் பேசியே சரக்கைத் தலையில் கட்டியவர். அதனால் வேகமாகப் பேசுகிற டாக்டரைக் கண்டால் சந்தேகம் வந்துவிடும். "சின்ன ஆபரேஷன்தான்னு சொல்றீங்களே தம்பி, யாருக்குச் சின்னது?" என்று கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பையன் தடுமாறிப்போய் மன்னிப்புக் கேட்டு, படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி தலைக்குச் சாயம் பூச வந்தால், வேறு வழி ஏதாவது உண்டா, பூசாவிட்டால் என்ன ஆகும் என்று விசாரிப்பார். கிழவனாகத் தெரிவீர்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பூசிவிடுவார்.

சில மாதங்களாகப் புதுப் பிடிவாதம் ஒன்று. வேறு எந்த நோய் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். "குடலிறக்கமே குடுங்க சார், அதுதான் எனக்கு நல்லா வருது." நிஜமாகவே வந்திருக்கிறது. அடிவயிற்றில் வலப்பக்கம் எலுமிச்சை அளவு வீக்கம். மனைவிக்கு மட்டும் தெரியும். தள்ளிப்போட்டால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று ஒவ்வொரு புது டாக்டரும் இவரிடமே சொல்கிறார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, கடைசியில் இஷ்டமில்லை என்று புரண்டு படுத்துவிடுகிறார். வகுப்பே தோற்றுக்கொண்டிருக்கிறது. இவர் நடிப்பு மெருகேறிவிட்டதாகப் பேராசிரியருக்கு ஏகப்பட்ட பெருமை. "ஊருக்கெல்லாம் ஃபெயில் போடுங்க. ஒருநாள் அந்த வயிறு உங்களுக்குப் போடும்" என்று மனைவி அழுதேவிட்டார். பாவம், அந்த அம்மாள் பயம் அவருக்கு.

இன்று உள்ளே வந்த பெண், மனப்பாடம் செய்ததைப் பாதியில் மறந்துவிட்டாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்களுக்கு என்னய்யா பயம்?"

மாமா முனக மறந்தார். "மயக்கம் குடுத்த பிறகு வேண்டாம்னு தோணுச்சுன்னா எப்படிம்மா சொல்றது?"

"சொல்ல முடியாதுங்கய்யா." நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள். "அதனாலதான் இப்பவே கேக்கறோம். மயக்கம் குடுக்கற நிமிஷம் வரைக்கும் வேண்டாம்னு சொல்லலாம். நான் பக்கத்துலயே நிக்கறேன்."

மாமா போர்வையை விலக்கி, பெல்ட்டைத் தளர்த்தி, வலப்பக்கத் துணியைச் சற்று இறக்கினார். பயிற்சியில் இதெல்லாம் கிடையாது என்று பேராசிரியர் கண்ணாடியைத் தட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். நிறம் மாறிய முகத்தோடு, "தொட்டுப் பாக்கலாமாய்யா?" என்றாள்.

மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.