நான் குடிக்காத பால்

இந்த ஊர்க் கண்ணாடிகளில் எனக்கு முழு முகம் கிடையாது. அலுவலகத்தில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தால் வகிடும் பொட்டும் நெற்றியும் மட்டும் தெரியும். நெற்றிக்குக் கீழே நான் அங்கே இல்லை. நெதர்லாந்தில் எல்லாமே நெட்டையான மனிதர்களுக்காக மாட்டப்பட்டிருக்கிறது. வந்த புதிதில் குதிகாலைத் தூக்கி நின்று பார்ப்பேன். பிறகு நெற்றியே போதும் என்று விட்டுவிட்டேன். மதியம் கேன்டீனில் இன்னொரு வேடிக்கை. மீசை நரைத்த ஆண்கள் ரொட்டியும் சீஸும் தின்றுவிட்டு, பெரிய கண்ணாடி டம்ளரில் பச்சைப் பாலைக் குடிப்பார்கள். மேலுதட்டில் வெள்ளைக் கோடு படிந்திருக்க, மறுபடி போய்க் கணினி முன்னால் உட்காருவார்கள். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் உயரத்தின் ரகசியம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

புதூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. வீட்டில் ஒரு எருமை இருந்தது. அதற்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும். எங்களுக்குக் காலையில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. அம்மா கறந்து முடித்ததும் நுரை அடங்குவதற்குள் பால் சொசைட்டி வண்டியின் சத்தம் கேட்கும். செம்பைக் கவிழ்த்து, அதன் அடியை இரண்டு தட்டுத் தட்டி, கடைசிச் சொட்டையும் வண்டிக்காரரின் கேனில் விடுவாள். அந்தப் பால்தான் எனக்குச் சீருடையாகவும் பஸ் பாஸாகவும் ஜாமெட்ரி பாக்ஸாகவும் வந்தது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிரேயரில் எப்போதும் வரிசையின் முதல் ஆளாகவே நின்றேன், அவ்வளவு குள்ளம். மழை விழுந்த மறுநாள் நிலம் வெடிப்பு மூடி, கறுப்பாக, ஈரமாக மணக்கும்போது எனக்கு வாயில் எச்சில் ஊறும். யாரும் பார்க்காமல் ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். நாக்கில் அது வெண்ணெய் மாதிரி கரையும். "ஏட்டி, வாயத் தொற. மறுபடியும் மண்ணத் தின்னியா?" என்று அம்மா விரலை விட்டுத் தோண்டுவாள். ரத்தம் பத்தாத பிள்ளைதான் மண்ணைத் தேடும் என்று எங்களுக்குச் சொல்ல அன்று யாருமில்லை.

இங்கே என் மகள் கயல் பிறந்தாள். ஒரு வயது முடிந்ததும் அவளுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தேன். கொடுத்தேன் என்பதைவிடப் பாலிலேயே வளர்த்தேன் எனலாம். எழுந்தால் பால், அழுதால் பால், தூங்கப் பால். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா புதூர் டெலிபோன் பூத்தில் காத்திருப்பாள். நான் கூப்பிட்டதும் நலம்கூடக் கேட்கமாட்டாள்.

"புள்ள பால் குடிச்சாளாட்டி?"

"வயிறு முட்டக் குடிச்சாம்மா."

"குடுட்டி. ஒனக்கு நான் குடுக்காத பாலையெல்லாம் சேத்து அவளுக்குக் குடு!" என்று கத்துவாள்.

"யக்கா, மெல்லப் பேசுங்க. போன் இல்லாமலே அவியளுக்குக் கேட்டுரும்" என்று பூத் அண்ணாச்சி பின்னாலிருந்து சொல்வது எனக்குக் கேட்கும்.

சோற்றைக் கண்டால் கயல் தலையைத் திருப்பிக்கொள்வாள். பால்தான் குடிக்கிறாளே என்றிருந்தோம். கன்னம் உப்பி வெளுத்திருந்தாள். நிறம் வந்துவிட்டது என்று என் கணவர் சிரித்தார். ஒருநாள் சாயங்காலம் ஜன்னலோரப் பூந்தொட்டியருகே அவள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பியபோது உதடும் பல்லும் கறுப்பு. அந்த முகத்தில் இருந்த நிம்மதி எனக்குத் தெரியும். பயம் வருவதற்கு முன்னால், யாரோ என்னையே சின்னதாக்கி அங்கே உட்கார வைத்துவிட்டது போலிருந்தது. பிறகுதான் ஓடிப்போய் வாயில் விரலை விட்டேன்.

குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. என்ன சாப்பிடுகிறாள் என்றார். பால் என்றேன். எவ்வளவு என்றார். எங்களை இல்லாதவர்கள் என்று நினைத்துவிட்டார் போலும் என்று எனக்குச் சுருக்கென்றது.

"எவ்வளவு கேட்டாலும் கொடுப்போம். எங்களுக்கு வசதி இருக்கிறது" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வசதியைக் கேட்கவில்லை. இவளுக்குப் பசிக்கவே நீங்கள் விடவில்லை" என்றார்.

பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம், அது வயிற்றை நிரப்பிக்கொண்டு மற்ற உணவுக்கு இடம் விடவில்லை என்று நிதானமாக விளக்கினார். இந்த முதல் இரண்டு வருடங்களில்தான் எலும்பும் மூளையும் அடித்தளம் போட்டுக்கொள்கின்றன, இப்போது விடும் குறை பிறகு படிப்பிலும் உடம்பிலும் நிற்கும் என்றார். ரத்தப் பரிசோதனை அவர் சந்தேகத்தை உறுதி செய்தது. சொட்டு மருந்து தந்தார். பாலைக் குறைத்துப் பருப்பு, கீரை, முட்டை, கறி கொடுக்கச் சொன்னார். இல்லாமையால் நான் மண் தின்றேன். என் மகள் நிறைந்த வீட்டில் இருந்துகொண்டு மண் தின்றாள். டிராமில் திரும்பும்போது வெளியே மழை பெய்தது. கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அப்பால் பசுக்கள் தூக்கத்தில் நடப்பது போல மேய்ந்துகொண்டிருந்தன.

மகளைவிட அம்மாவை எண்ணித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கவலை. சொன்னேன். பஸ் ஹாரன் சத்தத்துக்கு மேலே அம்மா கேட்டாள்.

"அப்போ ஒனக்கு நான் பால் குடுக்காதது தப்பில்லையா, ஏட்டி?"

தப்பில்லை என்று சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் அந்தப் பாலில் படித்த நான் அவளிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

"எல்லாத்தையும் வித்தது தப்பில்லம்மா. அதுலதான் நான் இங்கன நிக்குதேன். ஆனா ஒரு டம்ளர் குடுத்திருக்கலாம்."

அழுகிறாளோ என்று பயந்தேன். "கழுத, அப்பமே கேட்டிருக்கணும்லா" என்றாள். குரல் ஈரமாகத்தான் இருந்தது. "சரி, புள்ளைக்கு என்ன குடுக்கச் சொல்லுதாவ?"

கயல் சொட்டு மருந்தைத் துப்பினாள். பருப்பைத் தட்டிவிட்டாள். பாலுக்கு அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் பசி வந்தது. பிறகு பூந்தொட்டியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போன விடுமுறையில் ஊருக்குப் போனோம். அம்மா கம்மங்கஞ்சியும் முருங்கைக்கீரையும் ஊட்டிவிட்டு, கடைசியில் அரை டம்ளர் பாலை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினாள். இன்னொரு டம்ளர் எனக்கு. நின்றுகொண்டே குடித்தேன். அவளுடைய சுவர்க் கண்ணாடி அவள் உயரத்துக்கு அடித்த ஆணியில் தொங்குகிறது. அதில் என் கண்ணும் மூக்கும் பால் படிந்த மேலுதடும் தெரிந்தன. நெற்றி இல்லை. குனிந்துதான் பொட்டு வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த பிறகு ஒருநாள் கயலைத் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டு, கடைத்தெருவில் உயரமாக மாட்டிய கண்ணாடி ஒன்றின் முன் நின்றேன். சிவந்த கன்னங்களோடு அவள் முழு முகமும் தெரிந்தது. என் தலையைப் பிடித்திருந்த அவளுடைய இரண்டு கைகளுக்கு நடுவே என் நெற்றி. மீதி முகம் புதூர்ப் பக்கம் எங்கள் வீட்டில், அம்மாவின் கண்ணாடியில் இருக்கிறது.