எந்த ஒழுங்கை?

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், நாடுவிட்டு வந்து லா சப்பலில் நான் பாத்திரம் கழுவும் உணவகத்துக்கு ஞாயிறுதோறும் ஒருவர் வருவார். மெலிந்த உடம்பு. கோடையிலும் கழுத்துவரை பூட்டிய நீலக் குளிர்ச்சட்டை. எங்கள் ஊர்க்காரர் எவரைக் கண்டாலும் பெயரைக் கேட்கமாட்டார். "எந்த ஒழுங்கை?" என்று ஊரில் வீடு இருக்கும் சந்தைத்தான் கேட்பார்.

ஊருக்குத் தனி நகரசபை வேண்டுமென்று அவர் அரசாங்கத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தெருவிளக்கு எரியாவிட்டாலும் பக்கத்து ஊர் நகரசபைக் கந்தோரில் போய் நிற்க வேண்டியிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மனுவோடு குடியிருப்பவர்களின் பட்டியலும் அனுப்ப வேண்டும். அவர் ஒழுங்கை ஒழுங்கையாக எழுதியதில் என் பெயரும் இருந்தது.

"அண்ணை, நான் இஞ்சையெல்லோ இருக்கிறன்," என்றேன்.

"வீடு அங்கைதானே கிடக்கு," என்றார்.

சில மாதங்களில் பட்டியல் திரும்பி வந்தது. அங்கே வசிப்பவர்களை மட்டும் எழுதச் சொல்லியிருந்தார்கள். உணவக மேசையில் அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து முதலில் தன் பெயரை வெட்டினார். பிறகு எங்களுடையதை. மிஞ்சிய பெயர்கள் ஒரு நகரசபைக்குக் காணாது.

"ஆருக்காவது திரும்பிப் போற யோசினை இருக்கோ?" என்று கேட்டார்.

"நீங்கள் போய்த் தலைவராகுங்கோ அண்ணை, நாங்கள் மாலையோடை வாறம்," என்றார் சமையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேனையை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தேன்.

பிறகு அவர் வரவில்லை. திரும்பிப் போக நான் ஓம் என்றிருந்தால் ஒரு பெயர்தான் கூடியிருக்கும். அதற்காகவா அவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.