ஓட்டுநரின் அளவுகள்

2003ஆம் ஆண்டு இலையுதிர்காலம். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் புற்றுநோயோடு போராடிய என் தம்பி, பழைய பந்தயக் காரொன்றின் நகலைப் பாகங்களாக வாங்கித் தன் கையாலேயே பூட்டி ஓட்ட விரும்பினான். எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தான். இருக்கை அமைப்பதற்குத் தேவைப்பட்ட அவனது உயரத்தையும் தோளகலத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். பின்னர் ஐந்து மாதங்களை விலைப்பட்டியல்களை ஒப்புநோக்குவதிலேயே கழித்தேன்.

“அண்ணை, கார் வாங்கிறியளோ, பொம்பிளை பாக்கிறியளோ?” என்று கட்டிலில் கிடந்தபடி சிரித்தான். “ஏதாவது ஒண்டுக்கு ஓம் சொல்லுங்கோவன்.”

“பொறடா, பிழை விடக்கூடாது” என்றேன்.

பங்குனியில் அவன் இறந்தான். சவப்பெட்டிக்காக ஈமப்பணியாளர் அவனது அளவுகளைக் கேட்டார். எந்த நிறுவனத்துக்கும் அனுப்பப்படாத அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். உயரம் பொருந்தியது; தோள்கள்தாம் ஒடுங்கிப்போயிருந்தன.

அன்றுமுதல் என் நிதானத்தை நற்பண்பென்று நான் எண்ணியதில்லை.