கொல்லாத அளவு

தயாளினி இருட்டுக்குப் பயந்தவள் அல்ல. உரும்பிராயில் மின்சாரம் இல்லாத வருடங்களில் வளர்ந்தவள். ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரம் வரை படித்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஆனாலும் பிறகு ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தாள், ஆய்வுகூடத்துக் குவளைகளைக் கழுவுகிறவளாக. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆய்வுகூடமே அவள் கைக்கு வந்துவிட்டது. கிருமிகளுக்குச் சாப்பாடு காய்ச்சித் தட்டுகளில் வார்ப்பாள், வளர்ப்பாள், வேலை முடிந்ததும் அவித்துக் கொல்வாள். அவற்றை உயிர் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சோறு புளிப்பதைப் போல அதுவும் ஒரு காரியம், அவ்வளவுதான்.

வைகாசி மாதம் ஒரு மத்தியானம் அந்த நினைப்பு போயிற்று.

புதிதாக வந்த விரிவுரையாளர் நிவேதனா ஒருவகைக் கிருமியைக் கொண்டுவந்திருந்தாள். அதன் மரபணு ஒன்றோடு, ஒளி தரும் மரபணு ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். முதலாவது வேலை செய்யத் தொடங்கினால் கிருமி ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டுத்தான். கிருமி பூசிய தட்டின் நடுவில், கிருமிகொல்லி மருந்தில் தோய்த்த ஒரு கடதாசிப் பொட்டை வைத்து வளர்த்திருந்தார்கள். பார்ப்பதற்காகப் பழைய களஞ்சிய அறையின் யன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்தார்கள். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே தன் கையே தனக்குத் தெரியவில்லை.

"என்ன தெரியுது அக்கா?"

"ஒண்டும் தெரியேல்லை, மிஸ்."

"பொறுங்கோ. கண் பழகட்டும்."

பத்து நிமிடம் போயிருக்கும். மேசை இருந்த பக்கத்தில் ஏதோ வெளிறியது. பிறகு மெல்ல மெல்ல வட்டமாயிற்று. வெளிர்நீல வளையம் ஒன்று. அதன் நடு கரிக்கறுப்பு. கண்மணியைச் சுற்றிய வெளிச்சம் போல அது தன்னையே பார்ப்பதாகத் தயாளினிக்குப் பட்டது.

"நடுவிலை மருந்து கூட. அங்கை எல்லாம் செத்துப்போச்சு," என்றாள் நிவேதனா, குரலைத் தாழ்த்தி. "வளையம் இருக்கிற இடத்துக்கும் மருந்து போயிருக்கு. ஆனா கொல்லக் காணாது. அந்த அளவிலை அதுகளுக்கு உது நஞ்சில்லை அக்கா. ஒரு சத்தம் மாதிரி. கேட்டவுடனை உள்ளுக்கை எத்தினையோ மரபணுக்கள் வேலையை மாத்துது. எங்களுக்குத் தெரியிறது அதிலை ஒண்டுதான்."

"மற்றதுகள்?"

"மற்றதுகளுக்கு நாங்கள் வெளிச்சம் பூட்டேல்லை."

அடுத்த கிழமைகளில் மருந்தைப் பத்தில் ஒன்றாக, இருபதில் ஒன்றாகக் கரைத்துப் பார்த்தார்கள். ஒரு அளவில் எந்தக் கிருமியும் சாகவில்லை. ஆனால் தட்டு முழுவதும் ஒளிர்ந்தது. மருந்தே இல்லாத தட்டு பக்கத்தில் இருண்டு கிடந்தது. தயாளினி அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தபோது சட்டென்று பேனையைக் கீழே வைத்தாள். அவளுடைய புருஷனின் கால் ஞாபகத்துக்கு வந்தது.

ஜெயரூபன் தோட்டக்காரன். கொஞ்சம் சீனி வருத்தமும் உண்டு. மாசி மாதம் வெங்காயப் பாத்திக்கு மண்ணை வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது மண்வெட்டி சின்னிவிரலடியில் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் கிருமிகொல்லிக் குளிசை கொடுத்தார்கள். நாலாம் நாள் நோவு நின்றது, குளிசையையும் நிறுத்தினான். மிச்சம் பிஸ்கட் ரின்னுக்குள் போயிற்று. அதன்பிறகு நொந்தால் ஒன்று, நோகாவிட்டால் இல்லை. முடிந்ததும் பாமசியில் இரண்டு, மூன்றாக உதிரியாய் வாங்கினான். காயம் மூடும், காயும், பார்க்க வடிவாக இருக்கும். இரண்டு கிழமை கழித்துப் பக்கத்தில் வாய் திறக்கும். எத்தனையோ தரம் தேத்தண்ணியோடு அந்த ஒற்றைக் குளிசையை எடுத்துக் கொடுத்தவள் தயாளினிதான்.

அந்த ஞாயிறு மத்தியானம், அவன் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, அவள் அறையின் யன்னல்களைச் சாத்தினாள். நீக்கலுக்கெல்லாம் துணி செருகினாள். கதவடியில் சாக்கைப் போட்டாள்.

"என்னப்பா செய்யிறீர்? வெக்கை அவிக்குது."

"சும்மா படுங்கோ. கட்டை அவிழ்க்கப்போறன்."

கால்மாட்டில் குந்தியிருந்து கட்டை அவிழ்த்தாள். ஒன்றும் ஒளிராது என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கிருமிகளுக்கு யாரும் விளக்குப் பூட்டவில்லை. தெரிந்துகொண்டும் பார்த்தாள். பல்லி ஒன்று சொன்னது. தூரத்தில் யாருடைய தோட்டத்திலோ தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடியது. பத்து நிமிடம் கழிந்தது, பிறகு இன்னும் பத்து. கண் நன்றாகப் பழகிவிட்டது. கால் இருந்த இடத்தில் கால் அளவு இருட்டு மட்டும் இருந்தது.

ஒளிர்ந்திருந்தால் கத்தியிருப்பாள். ஒளிராதது அதைவிடப் பயங்கரமாக இருந்தது. தட்டில் இருந்தவை தம்மைக் காட்டிக்கொடுத்தன. இவை காட்டிக்கொடுக்கவில்லை. மருந்தின் அரவம் கேட்டு இதற்குள் என்னென்ன விழித்திருக்கும், என்னென்ன வேலை நடக்கும்?

"தயா? நீர் இருக்கிறீரோ?" இருட்டில் அவன் குரல் ஒருமாதிரி இருந்தது. "கதையுமன்."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"காயம் ஆறீட்டுதெல்லே."

"ஆறேல்லை. அடங்கிக் கிடக்கு. நான்தானே உங்களுக்கு ஒண்டொண்டா எடுத்துத் தந்தனான்."

திங்கட்கிழமை காலை நிவேதனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நிவேதனா கையுறையைக் கழற்றினாள்.

"அவரின்ரை காலுக்கையும் உதுதான் நடக்குதெண்டு நான் சொல்லேலாது அக்கா. ஆனா சில கிருமியள் கொஞ்ச மருந்து பட்டா ஒண்டாச் சேந்து, கூழ் மாதிரி ஒரு போர்வையைக் கட்டும். அதுக்குள்ளை போயிட்டா முழு மருந்தும் லேசிலை எட்டாது. லீவு போட்டிட்டு இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ."

சத்திரசிகிச்சை டொக்டர் அந்தக் காய்ந்த தோலைக் கீறினார். கீழே எலும்பு வரை ஒரு பொந்து போயிருந்தது. அதன் சுவரெல்லாம் வழுவழுப்பாக ஏதோ படிந்திருந்தது.

"வெளியிலை பாக்க நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றார் டொக்டர். "ஒரு மாதம் பிந்தியிருந்தா பாதம் போயிருக்கும்."

சின்னிவிரல் போயிற்று. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்த்த பிறகுதான் மருந்து தொடங்கினார்கள். ஆறு கிழமை ஊசி. ஒரு வேளைகூடத் தவறாமல் தயாளினி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். ஒருநாள், "ஒரு வெட்டுக்கு ஒரு விரலோ?" என்று ஜெயரூபன் சுவரைப் பார்த்து அழுதான். ஆவணியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்தபடி தோட்டத்துக்கு இறங்கினான்.

அன்றைக்குத்தான் அவள் பிஸ்கட் ரின்னைத் திறந்தாள். இரண்டு குளிசை இருந்தது. கக்கூஸ் குழிக்குள் கொட்டப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குழியிலிருந்து கிணறு முப்பது காலடி தூரம். செம்மண்ணுக்குக் கீழே முழுவதும் சுண்ணாம்புக்கல், பொத்தலும் பொந்தும். இங்கே கரைவது மெலிந்து மெலிந்து அங்கே போய்ச் சேரும். கொல்லக் காணாத அளவில்.

குளிசைகளை ஆஸ்பத்திரி மருந்துப் பகுதியில் ஒப்படைத்தாள். திரும்பி வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். எத்தனை வீட்டு ரின்கள் இப்படிக் குழிகளுக்குள் கொட்டுப்பட்டிருக்கும், எத்தனை வருடமாக? தண்ணீர் எப்போதும் போலத் தெளிவாக, அசையாமல் கிடந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கிருமி கேட்ட அந்தச் சத்தம் சாகுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தயா, விடாய்க்குது. தண்ணி கொண்டுவாரும்," என்று தோட்டத்தில் இருந்து ஜெயரூபன் கூப்பிட்டான்.

வேறு தண்ணீர் இல்லை. கொதித்து ஆறியதைச் செம்பில் எடுத்துக்கொண்டு போனாள். அவன் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.