பலா மரத்து ஊசல்

பத்தாவது வரை மட்டும் படித்த நான் இயற்பியலைப் பற்றி எழுத வந்தது அதிகப்படிதான். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுத வேண்டியவள் என் அக்கா. அவள் இல்லாததால் நான் எழுதுகிறேன். உள்ளே என் மகள் ப்ளஸ் ஒன் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். 'தனிச்சீரிசை இயக்கம்' என்ற சொல் காதில் விழுந்ததும் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். அந்தப் பாடத்தில் ஒருநாள் நானே ஊசலின் எடையாக இருந்திருக்கிறேன்.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்கு ஏழு வயதிருக்கும். அம்மா இல்லை. என்னைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தது அக்காதான். முந்தின வருஷம் ப்ளஸ் டூ முடித்திருந்த அவள், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவிருந்தாள். அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். இயற்பியலுக்கு வாத்தியார் இல்லாத வருஷம் அது. செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது, ஊசல் ஒன்றும் புரியவில்லை என்றார்கள்.

அக்கா துணி அடுக்குவதை அப்படியே விட்டுவிட்டு, அப்பாவின் கைக்கடிகாரத்தோடு வெளியே வந்தாள். பலா மரத்தில் என் ஊஞ்சல் தொங்கியது. என்னைத் தூக்கி அதன் பலகையில் உட்காரவைத்தாள்.

"காலை வீசக் கூடாது. மூட்டை மாதிரி உக்காந்துக்கினு இரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் கொஞ்சமாக இழுத்து விட்டாள். பிறகு சற்றுக் கூடுதலாக. ஒருத்தி இருபது ஆட்டங்களை எண்ணினாள், ஒருத்தி கடிகார முள்ளைப் பார்த்தாள். இரண்டு தடவையும் ஒரே நேரம்.

"அதெப்பிடிக்கா? தூரம் ஜாஸ்தி போனா நேரமும் ஜாஸ்தி ஆவணுமில்ல?" என்றாள் முள் பார்த்தவள்.

"நடுவுல இருந்து எவ்ளோ தள்ளிப் போறாளோ, அவ்ளோ பலமா நடு இவளைத் திருப்பி இழுக்கும். அதான் தூரம் போனாலும் அதே நேரத்துல வந்துடுறா" என்றாள் அக்கா.

அடுத்து என் மடியில் ஒரு சின்னக் கேழ்வரகு மூட்டையை வைத்தார்கள். அப்போதும் அதே நேரம். மூன்றாமவள் வாயாடி. "வெய்ட்டு போட்டா இன்னா, போடாட்டி இன்னா, எங்க மாமியார் மாதிரி கண்டுக்கவே மாட்டேங்குதே" என்றாள். அவளுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

மூட்டை இறங்கியதும் எனக்குச் சலித்துப்போனது. அக்கா மறுபடி இழுத்து விட்டவுடன் பலகைமேல் எழுந்து நின்றுகொண்டேன். ஆட்டங்கள் முடிந்ததும் முள் பார்த்தவள் கத்தினாள்.

"சீக்கிரம் முடிஞ்சிடுச்சு! உன் பாடம் பொய்யாப் போச்சுக்கா!"

அக்காவின் முகம் வாடிவிட்டது. என்னை உட்காரச் சொல்லிப் பார்த்தாள், நிற்கச் சொல்லிப் பார்த்தாள். உட்கார்ந்தால் மெதுவாக, நின்றால் சீக்கிரம். கயிற்றையும் என்னையும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"பொய்யில்லடி. நின்னா இவ பாரம் மேல ஏறிடுது. கயிறு கம்மியான மாதிரி. கயிறு கம்மின்னா சீக்கிரம் திரும்பி வந்துடும்."

பெண்கள் மூவரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். ஊஞ்சலிலிருந்து குதித்து அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நாளைக்கு பஸ்ஸுல உக்காராத. நின்னுக்கினே போ."

"இன்னாத்துக்குடி?" என்றாள் வாயாடி.

"நின்னா சீக்கிரம் திரும்பி வந்துடலாம்ல."

எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வாயாடிகூடச் சிரிக்கவில்லை. அக்கா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தூக்கி ஊஞ்சலில் வைத்து, "இன்னொரு வாட்டி பாத்துடலாம்" என்றாள்.

பெண்கள் கிளம்பிப் போனார்கள். உள்ளிருந்து அப்பா, "பொட்டி கட்ட வேணாமா?" என்று கூப்பிட்டார். அவள் என்னை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் எண்ணவில்லை. பரீட்சை எழுதப்போகிறவர்களுக்குப் புரிந்துவிட்டது, அக்காவுக்கு மட்டும் இதில் இன்னும் என்ன புரியவில்லை என்று நான் யோசித்துக்கொண்டே ஆடினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் உட்கார இடம் நிறைய இருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.