பாமாக்கா தொட்டுக் கும்பிட்ட பொல்லு

பாமாக்காவின் வழக்கு வருகிற மாதம் பதினேழாம் திகதி பிளாக்டவுன் கோர்ட்டில் எடுக்கப்படுகிறது. எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவரின் மணிக்கட்டை முறித்தார் என்பது குற்றச்சாட்டு. முறித்தது உண்மை. மற்ற உண்மைகளை யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்பது மெரிலேண்ட்ஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வாயால் வந்த கேட்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சத்தியபாமா என்பது முழுப்பெயர். வயது நாற்பத்தாறு. பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நான் நிரூபா, அதே இல்லத்தின் குசினியில் சமைக்கிறவள். பாமாக்கா 2012இல் படகில் வந்தவர். அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். ஆமி தன்னைப் பிடித்தது மாசியில் என்று முதல் விசாரணையில் சொன்னாராம், இரண்டாவதில் பங்குனி என்றாராம். கதை மாறுகிறது, நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். அடி வாங்குகிறவள் கலண்டரைப் பார்த்துக்கொண்டா இருப்பாள்? வந்ததிலிருந்து பதின்மூன்று வருடமாகப் பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக அனுமதிதான். ஒழுங்காக நடப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, சாட்டப்பட்டாலே விசாவைப் பறிக்கலாம். அதனால் பாதசாரிக் கடவையில் மட்டும்தான் ரோட்டைக் கடப்பார். ரயிலில் டிக்கெட் பரிசோதகரைக் கண்டால், கையில் ஓப்பல் பயண அட்டை இருந்தும் வியர்த்துப்போவார்.

ஆமியின் தடுப்பு முகாமில் அவரைப் பொல்லால்தான் அடித்திருக்கிறார்கள். எங்கள் இல்லத்திலோ முக்கால்வாசிப் பேர் பொல்லூன்றித்தான் நடக்கிறார்கள். விதியின் பகிடி அப்படி. நாலு வருடத்துக்கு முன் ஒரு கிழவி கோபத்தில் பொல்லை உயர்த்த, பாமாக்கா சாப்பாட்டு மேசைக்குக் கீழே புகுந்து சுருண்டுவிட்டார். உடுப்பு நனைந்துபோயிற்று. அவரை வெளியே கொண்டுவந்து துடைத்து, தன் மாற்றுடுப்பைக் கொடுத்தவள் மரிசெல்.

மரிசெல் பிலிப்பைன்ஸில் செபுக்காரி. எங்களோடு வேலை செய்தவள். சமையலறையை அவர்களும் குசினா என்றுதான் சொல்கிறார்கள், அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். ஞாயிறுகளில் ஒரு சனசமூக மண்டபத்தில் பத்துப் பெண்களுக்கு எஸ்கிரிமா பழக்குவாள். எஸ்கிரிமா என்பது அவர்களுடைய பிரம்படிச் சண்டைக்கலை. ஸ்பானியர் கத்தியைத் தடைசெய்த காலத்தில் தங்கள் சனம் அதை நடனத்துக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது என்பாள். சரித்திரம் எனக்குத் தெரியாது. அவர்கள் ஊரில் அதை வீட்டுப் பின்வளவிலேயே பழகுவார்களாம். அப்பனும் பிள்ளையும் மோதுவார்கள், முடிந்ததும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அந்த வகுப்புக்குப் பாமாக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்னக்கா, இந்த வயசில கோலாட்டமோ?" என்று நான் நக்கலடித்தேன்.

"சிரி, சிரி. பொல்லைக் கண்டா ஓடாம நிக்கப் பழகினாப் போதும் எனக்கு" என்றார் பாமாக்கா.

முதல் மூன்று மாதம் பிரம்போடு பிரம்பு மோதுகிற சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அழுதார். மரிசெல் விடவில்லை. பின்னால் போனால் பொல்லின் நுனி அடிக்கும், நுனியில்தான் வேகம், ஆகவே முன்னால் வா என்பாள். பொல்லைப் பார்க்காதே, அதைப் பிடித்திருக்கிற கையைப் பார், அந்தக் கைதான் பாம்பின் பல், பல்லைப் பிடுங்கினால் பாம்பைக் கொல்லத் தேவையில்லை என்பாள். ஒருத்தி அடிப்பாள், மற்றவள் உள்ளே வந்து மணிக்கட்டைப் பிடித்து, பிரம்பைச் சுற்றிப் பறிப்பாள். பறித்ததை நெஞ்சிலும் நெற்றியிலும் தொட்டு, தலைகுனிந்து, பிடியை முன்னால் நீட்டித் திருப்பிக் கொடுப்பாள். உன்மேல் எனக்குப் பகையில்லை என்று அர்த்தம். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரு ஞாயிறுக்கு இருநூறு தடவை. நாலு வருடத்தில் எத்தனை ஆயிரம் என்று நீங்களே பாருங்கள்.

பாமாக்கா நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார். இருட்டில் ரயிலைவிட்டு இறங்கித் தனியாக வீட்டுக்கு வந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். இல்லத்தில் இருக்கிற எண்பத்தாறு வயது மிஸ்டர் கொலினுக்கு மறதி நோய். கஸ்டர்ட் வரப் பிந்திவிட்டது என்று எழுந்து, பொல்லைப் பாமாக்காவின் தலைக்கு மேலே ஓங்கினார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பாமாக்கா ஓடவில்லை. ஒரு அடி முன்னால் வந்தார். இடது கை மணிக்கட்டில், வலது கை பொல்லில், ஒரே சுழற்று. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பாமாக்கா பொல்லை நெஞ்சிலும் நெற்றியிலும் தொட்டு, தலைகுனிந்து, பிடியை முன்னால் நீட்டி அந்தக் கிழவருக்கே கொடுத்தார். அதை வாங்க அவருக்குக் கை இல்லை. தொங்கிய கையை மற்றக் கையால் ஏந்தியபடி குழந்தை மாதிரி அழத் தொடங்கினார். அப்போதுதான் பாமாக்காவின் முகம் மாறியது. தான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்புலன்ஸ் போன அரை மணித்தியாலத்தில் மனேஜர் ஹெலன் என்னைக் கூப்பிட்டாள். வேலை செய்கிறவர்களில் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான். கமராவில் பதிந்ததைப் போட்டுக் காட்டினாள். சத்தமில்லாத படத்தில் அது வேறு மாதிரித்தான் இருந்தது. ஒரு நடுத்தர வயதுப் பெண் கிழவரின் கையை முறித்துவிட்டு, வென்ற பொல்லை நெற்றிக்குக் கொண்டுபோய் நையாண்டியாக ஒரு கும்பிடு போடுகிறாள். "இது என்ன? அவரைக் கேலி செய்கிறாளா?" என்று ஹெலன் கேட்டாள்.

மரிசெலின் வகுப்பைச் சொன்னால், பயிற்சி எடுத்தவள் நோயாளிமேல் கைவைத்தாள் என்று பொலிசுக்குப் போகும். பொலிஸ் என்றால் விசா. எனக்கு மூளை ஓடியதை விட வாய் வேகமாக ஓடியது.

பொல்லில் பாமாக்காவின் கால் பட்டுவிட்டது, இந்துக்கள் கால்பட்ட பொருளைத் தொட்டுக் கும்பிடுவோம் என்றேன். அது பொய்யான வழக்கமுமில்லை. புத்தகத்தை மிதித்தால் நாங்கள் அப்படித்தானே செய்கிறோம். சண்டைப் பயிற்சி ஏதாவது எடுத்தவளா என்று அடுத்த கேள்வி. சீச்சீ, கரப்பானைக் கண்டாலே கத்துகிற பிறவி என்றேன். ஹெலனின் முகம் இளகியது. அவளுக்கும் பாமாக்காவைப் பிடிக்கும். தற்காப்பில் நடந்த விபத்து என்று எழுதலாம் என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். கோயிலில் அர்ச்சனை முடித்தவள் மாதிரி நிம்மதியாக வெளியே வந்தேன்.

வாசலில் பாமாக்கா அடுத்ததாக நின்றார். ஹெலன் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையிடத்தில் தமிழ் கதைக்கக்கூடாது என்று விதி. கதைத்திருக்கலாம். ஒரே ஒரு வசனம், காலில பட்டது எண்டு சொல்லுங்கோ. விதி பெரிதா, பாமாக்கா பெரிதா? நான், மடைச்சி, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனேன்.

உள்ளே பாமாக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாலு வருடப் பழக்கம், பொல்லு மேலே வந்ததும் கை தானாகப் போனது, கும்பிடு மரிசெலின் வகுப்பு மரியாதை, ஒருநாளும் கேலியில்லை, மிஸ்டர் கொலினின் காலில் விழுந்தும் மன்னிப்புக் கேட்பேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாசியையும் பங்குனியையும் மாற்றிச் சொல்லித் தன் வாழ்க்கை போன நாளிலிருந்து அவர் எந்த விசாரணையிலும் அப்படித்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஹெலனின் மேசையில் இரண்டு தாள், இரண்டு கதை. விபத்தாக இருந்தால் ஒருத்தி ஏன் பொய் சொல்ல வேண்டும், மறைக்க ஏதோ இருக்கிறது என்று மேலிடம் முடிவெடுத்தது. அன்று பின்னேரமே பொலிஸ் வந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி. நான் சிட்டிசன், குசினியில் இன்னும் கஸ்டர்ட் கிண்டுகிறேன். பாமாக்காவுக்கு வேலை போயிற்று, குற்றப்பத்திரிகை வந்தது. மூன்றாம் வாரம் குடிவரவுத் திணைக்களத்திலிருந்தும் கடிதம் வந்தது. விசாவை ஏன் ரத்துச் செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

மரிசெல் வகுப்பை நிறுத்திவிட்டாள். பெண்கள் கேட்டதற்கு, கூடத்தில் எதிரே நிற்கிறவளுக்கு எலும்பு பலம் என்று நம்பித்தான் நாங்கள் பழகினோம், வெளியே நிற்கிறவர்களைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்று அழுதாளாம். பாமாக்காவின் கோர்ட்டுக்கு வந்து அந்தக் கும்பிடுக்கு அர்த்தம் சொல்வேன் என்கிறாள். பயிற்சி எடுத்தவள் என்று அவள் வாயாலேயே வந்தால் இன்னும் மோசம் என்கிறார் வக்கீல்.

நேற்றுப் பாமாக்காவின் அறைக்குப் போனேன். மெரிலேண்ட்ஸில் ஒரு கராஜைத் தடுத்துக் கட்டிய அறை. இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. கட்டிலில் இருந்தார். கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் கோட்டுக்கு வாறன். நான்தான் பொய் சொன்னனான், நீங்கள் சொன்னதுதான் உண்மை எண்டு ஜட்ஜிட்டையே சொல்லுறன். என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டாலும் பரவாயில்லை."

"முதல் ஒண்டு சொன்னனி, இப்ப வேறொண்டு சொல்லப்போறாய். ஆர் நம்புவினம்?"

"உங்களுக்காகத்தானே அக்கா சொன்னனான்."

"தெரியும்."

"அப்ப நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்கோ, என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்."

அவர் கையை வெளியே எடுத்து என் வாயை மெல்லப் பொத்தினார்.

"என்ர உண்மையைப் பதின்மூண்டு வருசமா ஒருத்தரும் நம்பேல்லை, நிரூபா. உன்ர பொய்யை அவள் ஒரு நிமிசத்தில நம்பினவள். நான் அதையும் போய்க் கெடுத்துப்போட்டன்" என்றார் பாமாக்கா. "நீ வராதை. எனக்கு இனி ஆரும் ஒண்டும் சொல்ல வேண்டாம்."